உங்களுக்கென்றே ஒரு மெக்கானிக்கல் வாட்ச்: முதல்முறை ஆர்டர் கொடுப்பவர்களுக்கு

டயலில் தமிழ் எண்கள் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எந்தக் கடையிலும் அப்படி ஒரு வாட்ச் கிடைக்கவில்லை. கடைசியில் ஸ்விட்சர்லாந்தில் தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. ஆசையை ஒரே வரியில் எழுதுங்கள்

ஹென்றி கிரேவ்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் 1925இல் பட்டேக் ஃபிலிப் என்ற ஸ்விஸ் வாட்ச் நிறுவனத்திடம் ஒரு பாக்கெட் வாட்சுக்குச் சொன்னார். 24 நுட்பங்கள் (நேரம் காட்டுவதைத் தாண்டி வாட்ச் செய்யும் கூடுதல் வேலைகள்), நியூயார்க்கில் தெரியும் இரவு வானம் உட்பட. கைக்கு வந்தது 1933இல். ஒவ்வொரு நுட்பத்தையும் சேர்க்கச் சேர்க்கக் காலமும் செலவும் கூடும், பின்னால் சர்வீஸும் கஷ்டமாகும். முதல் வாட்சுக்கு மணி, நிமிடம், வினாடி போதும். ஆசையை டயலில் காட்டுங்கள்.

2. யாரிடம் கொடுப்பது?

இதில் மூன்று படி உண்டு. இருக்கிற மாடலில் பெயரோ படமோ பொறித்து வாங்குவது எளிது. ஜெகர் லகூல்டரின் ரிவர்ஸோ இதற்குப் பேர்போனது. இந்தியாவில் போலோ ஆடிய ஆங்கிலேயர்களுக்காக, கண்ணாடி உடையாமல் முகத்தைத் திருப்பி வைக்கும்படி 1931இல் வந்த வாட்ச் அது. அதன் வெற்றுப் பின்பக்கம் பொறிப்பதற்கென்றே இருப்பது போல இருக்கும். மேல்படியில், வாஷெரான் கான்ஸ்டான்டினின் லே காபினோட்டியே பிரிவு போன்றவர்கள் ஒரே ஒரு வாட்சைத் தனியாகவே செய்து தருவார்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது நடுப்படி: தனிக் கலைஞர் ஒருவர், நன்கு பழகிய மூவ்மென்டை (வாட்சுக்குள் ஓடும் இயந்திரம்) எடுத்து மெருகேற்றி, கேஸும் (வெளிக்கூடு) டயலும் உங்களுக்காகச் செய்வது. எந்த மூவ்மென்ட் என்று கட்டாயம் கேளுங்கள். யூனிடாஸ் 6498 மாதிரி ஒன்று என்றால், செய்தவர் பட்டறையை மூடிவிட்டாலும் உதிரிபாகம் கிடைக்கும், பழுது பார்க்க ஆளும் கிடைப்பார். அதன் விட்டம் 36.6 மி.மீ. என்பதால் வாட்ச் கொஞ்சம் பெரிதாகத்தான் வரும்.

3. அட்டை வெட்டிக் கட்டிப் பாருங்கள்

எல்லோரும் விட்டத்தைத்தான் கேட்பார்கள். கையில் உட்காருவதைத் தீர்மானிப்பது ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் முனைக்கு முனை நீளம். உங்கள் மணிக்கட்டின் மேல்பக்க அகலத்தை அளந்து, அதற்குள் இந்த நீளம் அடங்குகிறதா என்று பாருங்கள். அட்டையில் அதே அளவுக்கு வெட்டி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நாள் முழுக்கக் கட்டியிருங்கள். சட்டைக் கை இடித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

4. டயல்

இங்கேதான் நிதானம் வேண்டும். நான் கேட்டது எனாமல் டயல். உலோகத் தகட்டில் கண்ணாடித் தூளைத் தூவி, 800 டிகிரி அளவு சூட்டில் திரும்பத் திரும்பச் சுடுவார்கள். எண்களையும் எழுதிச் சுடுவார்கள். சுட்டபின் பிழை தெரிந்தால் டயலையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதனால் வரைபடத்தை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். செய்கிறவருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கு அது வெறும் கோடு. எனக்கு முதலில் வந்த படத்தில் ௬ இன் கீழ்ச்சுழி அறுந்து 'ச' போல நின்றது. 'சு' மாதிரி இருப்பதுதான் ஆறு என்பது அவருக்கு எப்படித் தெரியும்? பெரிதாகக் கையால் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன், சரியாகிவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்கு ௰, ௰௧, ௰௨ என்ற பழைய முறையையே கேட்டேன். இரண்டு எழுத்து வரும் இடத்தில் நெருக்கடி ஆனதால் எல்லா எண்களையும் ஒரு சுற்று சின்னதாக்கினோம்.

படத்தை நிஜ அளவில் அச்செடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படித்துப் பாருங்கள். கணினித் திரையில் அழகாக இருப்பது 30 மி.மீ. வட்டத்தில் எறும்பு வரிசையாகிவிடும்.

5. பணமும் எழுத்தும்

முன்பணம் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். பாரிஸில் பட்டறை வைத்திருந்த பிரெகே என்ற கடிகாரக் கலைஞர் 1797 வாக்கிலேயே, ஒற்றை முள் வாட்சுக்குக் கால்பங்கு விலையை முன்னால் வாங்கித்தான் வேலை தொடங்கினார். நம் காலத்துக் கலைஞரான எஃப்.பி. ஜோர்னும் தன் முதல் 20 டூர்பியான் (ஓட்டத்தைச் சீராக்க உள்ளே சுழலும் கூண்டு வைத்த) வாட்சுகளை 1999இல் அப்படித்தான் விற்றார். ஆனால் எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்: மூவ்மென்டின் பெயர், தங்கம் என்றால் 750 (18 காரட்) என்ற தரம், எத்தனை முறை வரைபடம் மாற்றலாம், தேதி தள்ளிப்போனால் என்ன, பணம் திரும்புமா, சர்வீஸ் யார் பொறுப்பு. இந்தியாவுக்கு வரும்போது கட்ட வேண்டிய சுங்க வரியையும் முதலிலேயே கணக்கில் சேருங்கள்.

முதலைத்தோல் ஸ்ட்ராப் வேண்டாம் என்பேன். சர்வதேச வனவிலங்கு வணிக விதிகளுக்கான சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் சிக்கல். அது போக, நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரமே நாறும். ரப்பரோ துணியோ கேளுங்கள்.

6. கைக்கு வந்ததும்

தினமும் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். தடுக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள், அதற்கு மேல் திருகக் கூடாது. தேதி காட்டும் வாட்ச் என்றால் இரவு ஒன்பதிலிருந்து விடியற்காலை மூன்று வரை தேதியை மாற்றாதீர்கள். பல்சக்கரம் மாட்டியிருக்கும் நேரம் அது. ஃபோன் நேரத்தோடு ஒப்பிட்டு, எத்தனை வினாடி முந்துகிறது, பிந்துகிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். ஸ்விட்சர்லாந்தில் வாட்சுகளின் துல்லியத்தைச் சோதித்துத் தரும் கோஸ்க் (COSC) சான்றிதழே சராசரியாக ஒரு நாளைக்கு 4 வினாடி பிந்துவதிலிருந்து 6 வினாடி முந்துவது வரை அனுமதிக்கிறது. அதற்கு மேல் ரொம்பப் போனால் அந்தக் குறிப்பைச் செய்தவருக்கு அனுப்புங்கள். எங்கே திருத்துவது என்று அதைப் பார்த்தே சொல்வார். என்னுடையது மேஜையில் மல்லாக்க வைத்தால் 3 வினாடி முந்துகிறது, கிரவுன் (சாவி கொடுக்கும் பக்கத் திருகு) கீழே பார்க்கும்படி வைத்தால் 2 வினாடி பிந்துகிறது. இரவில் அப்படி மாற்றி மாற்றி வைத்தே நேரத்தைச் சரிக்கட்டுகிறேன்.