இது யாரிடம் இருந்த தட்டு? – பழைய ரெக்கார்டு வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையில் பழைய இசைத்தட்டுக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள். இன்ன படம் இருக்கிறதா? என்ன விலை? மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை அநேகமாக யாரும் கேட்பதில்லை: இது யாரிடம் இருந்தது?

நானும் கேட்காமல்தான் ஏமாந்தேன். எழுபதுகளின் படம் ஒன்றின் எல்.பி. (பல பாட்டுகள் அடங்கும் பெரிய தட்டு), அட்டை பளபளவென்று இருந்தது. நடுவிலுள்ள லேபிளில் ஊதா மையில் ஏதோ ஓர் ஊரின் சவுண்ட் சர்வீஸ் முத்திரை. பழங்காலத்தின் வாசனை என்று ரசித்தபடியே 600 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் ஓடவிட்டபோது பல்லவி வரை பொறுத்துக்கொள்ள முடிந்தது. வயலின்கள் கூட்டமாக எழுந்த இடத்தில் தகரத்தை மணலில் இழுத்ததுபோல் ஒரு கரகரப்பு. மூன்று முறை துடைத்தேன். கரகரப்பு அப்படியே இருந்தது.

அந்த முத்திரைதான் முழுக் கதையும். மைக் செட்டுக்காரரிடம் இருந்த தட்டு ஆடி மாதம் அம்மன் கோயிலில், முகூர்த்த நாளில் கல்யாணப் பந்தலில், இடையில் காதுகுத்தில் என்று ஓய்வில்லாமல் உழைத்திருக்கும். நல்ல டர்ன்டேபிளில் ஊசி ஏறக்குறைய 2 கிராம் எடையோடுதான் தட்டின் மேல் அமரும். அந்தக் காலத்து மலிவான பிளேயர்களில் அது 5 கிராமையும் தாண்டும். தேய்ந்த ஊசியை மாற்றாமல் இன்னும் நான்கு கல்யாணம் ஓட்டினால் ஊசி உளியாகிவிடுகிறது. தட்டில் ஊசி ஓடும் பள்ளத்தின் சுவரில் எழுதப்பட்டிருக்கும் ஒலியையே அது செதுக்கி எடுத்துவிடும். அழுக்கு என்றால் கழுவலாம். செதுக்கிப் போனதை என்ன செய்வது?

“கீறல் விழுந்த ரெக்கார்டு” என்ற வழக்கு நம் மண்டையில் ஊறிவிட்டதால் வருகிறவர்கள் எல்லோரும் கீறலையே தேடுகிறார்கள். மெல்லிய கீறல் ‘டிக் டிக்’ என்று சில சுற்றுகளில் முடிந்துபோகும். தேய்மானம் தட்டு முழுக்க இருக்கும், ஆனால் மங்கிய குழல் விளக்கின் கீழ் கண்ணுக்குத் தெரியாது. தட்டை விளிம்பில் பிடித்து வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பாருங்கள். பள்ளங்கள் கறுப்பாக மின்னாமல் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால் அது உழைத்துக் களைத்த தட்டு. அடுத்து லேபிளின் நடுத்துளையைப் பாருங்கள். தட்டை வைக்கும்போது துளை எங்கே என்று தடவித் தேடியவர்கள் பிளேயரின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் அச்சாணியின் கோடுகளை லேபிளில் விட்டுச் சென்றிருப்பார்கள். துளையைச் சுற்றிக் கோடுகள் மண்டிக்கிடந்தால், விற்பவர் “அதிகம் போடாத தட்டு சார்” என்று சொல்லும்போது சிரித்துக்கொள்ளலாம்.

கேட்டுப் பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. கேட்கிறவர்களும் முதல் பாட்டின் முதல் வரியைக் கேட்டுத் தலையாட்டிவிடுகிறார்கள். கடைசிப் பாட்டைப் போடச் சொல்ல வேண்டும், இரண்டு பக்கமும். தட்டு ஒரு சுற்றுக்கு எடுக்கும் நேரம் எங்கும் ஒன்றுதான். ஆனால் மையத்துக்கு அருகே ஒரு சுற்றின் நீளம் குறைவு. அதே ஒலி அங்கே நெருக்கி எழுதப்பட்டிருப்பதால் தேய்மானம் முதலில் காதில் விழும் இடமும் அதுதான். (கடைக்காரரின் பிளேயரில் இருக்கும் ஊசியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். சில கடைகளில் அந்த ஊசிக்கே பென்ஷன் கொடுக்க வேண்டியிருக்கும்.)

உறையை நம்பி வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டையில் ஒரு படம், உள்ளே வேறு படம் என்பது சகஜம். அட்டையில் உள்ள எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்தால் போதும். கிழிந்த அட்டையைக் கண்டு முகம் சுளிப்பதுதான் எனக்கு வருத்தம் தரும் தவறு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அட்டை ஊறி உப்பிய தட்டுகளைக் கடைகளில் பார்த்தேன். யாரும் தொடவில்லை. எல்.பி. செய்யப்படும் வினைல் என்ற பிளாஸ்டிக்கைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. சேற்றைப் பக்குவமாகக் கழுவியெடுத்தபின் சில தட்டுகள் புதிது போலப் பாடின. நம் ஊர்ப் புழுக்கத்தில் வெள்ளைப் புள்ளியாகப் பூக்கும் பூஞ்சையும் பெரும்பாலும் அப்படித்தான், கழுவினால் போய்விடும்.

ஆனால் கழுவுவதற்கு முன் கையில் இருப்பது எது என்று தெரிந்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு வினைல் அல்ல, அரக்குக் கலவை. கனமாக இருக்கும், கீழே விழுந்தால் அப்பளமாக நொறுங்கும். வினைலுக்கென்று விற்கும் ஆல்கஹால் கலந்த திரவத்தை ஊற்றினால் அரக்கு கரைந்து பாட்டோடு போய்விடும். அதன் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அகலம், ஆகவே ஊசியும் வேறு. இதை அறியாமல் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் இந்த அரக்குத் தட்டுகளைக் கட்டுக்கட்டாக வாங்கிப்போய், மறுவாரம் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. இன்னும் சிலர் பித்தளைப் புனல் வைத்த கிராமபோன் ஒன்றை வாங்கி, அதில் எல்.பி.யை ஓட்டுகிறார்கள். அந்த எஃகு ஊசியின் கீழ் எல்.பி. ஒரே முறையில் பாழாகும். பழையது என்று விற்கப்படும் அந்த கிராமபோன் பெட்டிகள் பல அண்மையில் பொருத்தப்பட்டவை என்பது தனிச் சோகம்.

பேரத்துக்கு வருவோம். கைபேசியில் வெளிநாட்டு விலையைக் காட்டி வாதிடுவதை இரு தரப்பும் செய்கின்றன. அந்த விலை பெரும்பாலும் கேட்கப்படும் விலைதான், கொடுக்கப்பட்ட விலை அல்ல. அதுவும் அநேகமாகப் புதிதுக்கு நிகரான பிரதிக்கு. எண்பதுகளில் எக்கோ நிறுவனம் வெளியிட்ட இளையராஜா தட்டுகளுக்கு இன்று நல்ல கிராக்கி. அதற்காக மைக் செட்டில் தேய்ந்த பிரதிக்கும் அதே விலையா? எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் வீட்டுக்கு வீடு இருந்த தட்டு; அதை ‘அபூர்வம்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். தினமும் விடியற்காலையில் ஓடிய தட்டாகவும் அது இருக்கலாம். அதே சமயம் தட்டைக் கையில் எடுக்கும் முன்பே பாதி விலைக்குக் கேட்பதும் தவறுதான். பழைய பொருள்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைக்காரர்களின் காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது: பொறுமையாகப் புரட்டுகிறவருக்குத்தான் உள்ளறைக் கட்டு வெளியே வரும்.

கேட்டால் சொல்வார்கள். ஒருமுறை நான் கேட்டதற்கு, “மயிலாப்பூரில் ஒரு பெரியவர் வீடு. பிளேயரை வேறு யாரையும் தொடவிட மாட்டாராம்” என்றார் கடைக்காரர். லேபிளில் ஒரு கோடு இல்லை. இரண்டு பக்கத்தின் கடைசிப் பாட்டும் சுத்தம். கச்சேரி எல்.பி., விலையும் நியாயம். மகிழ்ச்சியில் அதை ஸ்கூட்டர் டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மே மாத வெயிலில் வண்டியை நிறுத்தி, எதிரில் இருந்த மெஸ்ஸில் சாப்பிடப் போனேன். பெரியவர் ஆயுள் முழுக்கக் காத்த தட்டு, நான் மோர் சாதம் முடிப்பதற்குள் வாழை இலை ஓரம்போல் நெளிந்துவிட்டது.

அடுத்த வாரம் இதைச் சொன்னபோது கடைக்காரர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “யாரிடமிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். யாரிடம் போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும்.”