உக்ரைனிய தேவாலய இசை: வெளிநாட்டுப் பாடற்குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சி வழக்கமான நகைச்சுவையோடு தொடங்கவில்லை. 1949 முதல் நியூயார்க்கில் பாடிவரும் 'தும்கா' என்ற உக்ரைனியக் குழு மேடையில் நின்று, மிகோலா லிசென்கோ 1885இல் இசையமைத்த 'உக்ரைனுக்கான பிரார்த்தனை'யைப் பாடியது. போர் தொடங்கி அப்போது மூன்றாவது நாள். அதன் பிறகு உக்ரைனோடு எந்தத் தொடர்பும் இல்லாத குழுக்கள்கூட இந்த இசையைக் கையில் எடுத்தன. நல்ல விஷயம்தான். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

இந்தத் தவறுகளை லேசாக விட முடியாததற்குக் காரணம் உண்டு. சோவியத் ஆட்சியில் உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் தன்னாட்சித் திருச்சபை 1930இல் கலைக்கப்பட்டது. மேற்குப் பகுதியின் கிரேக்க கத்தோலிக்கத் திருச்சபை 1946இல் தடை செய்யப்பட்டு 1989 வரை தலைமறைவாகவே வாழ்ந்தது. வழிபாட்டு இசை எழுதிய மிகோலா லியோந்தோவிச் 1921 ஜனவரியில், தன் பெற்றோர் வீட்டிலேயே ரகசியப் போலீஸ் ஆள் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். சொந்த மண்ணில் வாய்விட்டுப் பாட முடியாததை வின்னிபெக்கிலும் டொராண்டோவிலும் நியூயார்க்கிலும் இருந்த புலம்பெயர் உக்ரைனியரின் பங்குக் கோயில்கள் பாடி வைத்தன. அங்கே ஒன்று தவறிப்போனால் ஊரில் போய்ச் சரிபார்த்துக்கொள்ளவும் வழியில்லாத காலம் அது.

முதல் தவறு, என் கணிப்பில் மிகப் பெரியதும்கூட, உச்சரிப்பு. ஸ்லாவியத் திருச்சபைகளின் பழைய வழிபாட்டு மொழியான திருச்சபை ஸ்லாவோனிக் ஒரே மொழிதான், எப்படிப் படித்தால் என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 'ஆண்டவரே இரங்கும்' என்ற வரியைக் கீவ் மரபில் 'ஹொஸ்பொடி பொமிலுய்' என்று பாட வேண்டும். ரஷ்ய மரபில் அந்த முதல் 'ஹ', 'தங்கம்' என்ற சொல்லில் வரும் 'க' போல ஒலிக்கும். பிறந்தநாளிலும் திருமணத்திலும் நெடுநாள் வாழ்க என்று பாடும் 'ம்னோஹாயா லீத்தா' ரஷ்ய வழியில் 'லியெத்தா' ஆகிவிடும். கேட்பவருக்குச் சின்ன வேறுபாடாகத் தெரியும். ஆனால் அதன் பின்னால் ஒரு அரசாணை இருக்கிறது. 1720இல் ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர், கீவில் அச்சிடும் திருச்சபை நூல்கள் ரஷ்ய நூல்களிலிருந்து எந்த வகையிலும் மாறுபடக் கூடாது என்று உத்தரவிட்டார். பேரரசுக்குள் ரஷ்ய உச்சரிப்பு மெல்ல மெல்ல ஊன்றிக்கொண்டது. பின்னர் ஆஸ்திரியாவின் கீழ் வந்த மேற்குப் பகுதியான கலீசியாவில் பழைய உச்சரிப்பு பிழைத்தது.

இணையத்தில் சும்மா கிடைக்கும் ஸ்கோர்களில் பல, பழைய ரஷ்யப் பதிப்புகளின் நகல்கள். கிரில்லிக் எழுத்து தெரியாதவர்களுக்காக ஆங்கில எழுத்தில் எழுதிய தாள் ஒன்றும் கூடவே சுற்றும். அதை யார், எந்த மரபில் எழுதினார்கள் என்று முதலில் பாருங்கள். 'ஹொஸ்பொடி' என்ற சொல் 'g' என்று தொடங்கியிருந்தால் ஒதுக்கி வையுங்கள். மெட்டைத் தொடுவதற்கு முன்பே, உக்ரைனிய உச்சரிப்பு தெரிந்த ஒருவரை வரிகளை நிதானமாக வாசிக்கச் சொல்லிப் போனில் பதிவு செய்து, குழுவில் எல்லோருக்கும் அனுப்புங்கள். நாக்கில் ஒருமுறை ஏறிவிட்ட தவறான ஒலியை இறக்குவது பெரும்பாடு.

அடுத்தது, நிகழ்ச்சி நிரலில் 'ரஷ்ய தேவாலய இசை' என்று போட்டுவிடுவது. இசையமைப்பாளர் திமித்ரோ போர்த்னியான்ஸ்கி 1751இல் உக்ரைனின் ஹ்லூஹிவ் நகரில் பிறந்தவர். இன்னொரு இசையமைப்பாளர் ஆர்தெம் வேடெல் கீவிலும் கார்கிவிலும் பணியாற்றி, 1799இல் பைத்தியம் என்று அடைக்கப்பட்டு, 1808 வரை வாழ்க்கையை அங்கேயே கழித்தவர். அவர் இசை நெடுங்காலம் கையெழுத்துப் படிகளில்தான் புழங்கியது. அதற்காக மறுபக்கம் சாயவும் கூடாது. போர்த்னியான்ஸ்கி வாழ்நாளின் பெரும்பகுதியை ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் கழித்து, அங்கே அரசவைப் பாடற்குழுவின் இயக்குநராக இருந்தவர். இரண்டையும் எழுதுங்கள். மறைத்துப் பெருமை தேட வேண்டிய தேவை இந்த இசைக்கு இல்லை.

எல்லாவற்றையும் மெதுவாக, கனமாக, அடித்தொண்டை பாஸ் குரலில் பாடுவது இன்னொன்று. பக்தி என்றாலே இழுத்துப் பாட வேண்டும் என்று யார் சொன்னது? போர்த்னியான்ஸ்கி பத்தாண்டுகள் இத்தாலியில் இருந்தவர். அவர் காலத்து இசையமைப்பாளர் மக்சிம் பெரெசோவ்ஸ்கி 1771இல் இத்தாலியில் பொலோன்யாவின் இசைக்கழகத்தில் சேர்ந்தார், மொஸார்ட் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு. அவர்கள் எழுதிய கச்சேரிப் பாடல்களில் இத்தாலிய வெளிச்சமும் துள்ளலும் உண்டு. குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இடங்களில் எடையைக் குறைத்தால்தான் சொல் காதில் விழும்.

மேடைக்கு ஏற்ற பெரிய படைப்புகளை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கலீசியக் கிராமங்களில் 'சமோயில்கா' என்ற வழக்கம் உண்டு. 'தியாக்' எனப்படும் கோயில் பாடகர் தொடங்க, சபையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து, தாளும் கையுமாக இல்லாமல், கேள்வி ஞானத்தில் குரல் பிரித்துப் பாடுவார்கள். வாரந்தோறும் பாடுவது இதைத்தான். ஒரு வட்டாரத்து மெட்டு அடுத்ததில் வேறாக இருக்கும். எழுதப்படாததால், பாடுகிறவர் போனால் மெட்டும் போய்விடும். வேடெலின் ஸ்கோரை நாளைக்கும் வாங்கிக்கொள்ளலாம். கனடாவின் ஒரு பங்கில் எண்பது வயதுக்காரர் பாடும் சாயங்கால வழிபாட்டு மெட்டு நாளைக்குக் கிடைக்குமா? அவர் பாடும்போது 'சுருதி இறங்குகிறது' என்று திருத்தாமல், முழுசாகப் பதிவு செய்யுங்கள். எந்த ஊர், யாரிடம் கற்றது என்பதையும் அவரே சொல்லட்டும்.

கிறிஸ்துமஸ் கச்சேரியில் 'ஷெட்ரிக்'கைப் புனித இசை என்று சேர்ப்பதும் வழக்கமாகிவிட்டது. லியோந்தோவிச் அமைத்த அந்தப் பாடல் புத்தாண்டுப் பாடல். வீட்டுக்காரரிடம் நல்ல செய்தி சொல்ல வரும் தகைவிலான் குருவியைப் பற்றியது. 'கேரல் ஆஃப் தி பெல்ஸ்' என்ற ஆங்கில வடிவம் 1936இல் வந்தது. தாராளமாகப் பாடுங்கள், ஆனால் அப்படியே அறிமுகப்படுத்துங்கள். கிறிஸ்துமஸுக்கு 'போஹ் பிரெத்விச்னி' என்ற பாடல் இருக்கிறது.

'நம்மாட்கள் மட்டும்தான் பாட முடியும்' என்று கதவைச் சாத்தும் குழுக்களுக்கு நெதர்லாந்து நல்ல பதில். உக்ரைனிய இசை ஆய்வாளர் மிரோஸ்லாவ் அந்தோனோவிச் 1951இல் உட்ரெக்ட் நகரில் தொடங்கிய பைசாந்தியப் பாடற்குழுவில் பாடியவர்கள் டச்சுக்காரர்கள். இந்த வழிபாட்டு இசையை அவர்கள் பல பத்தாண்டுகள் பல நாடுகளில் பாடினார்கள்.

அப்புறம், 2022க்குப் பின் போரால் வெளிநாடு வந்த உக்ரைனியருக்கும் அங்கே முன்பே குடியேறிய பழைய குடும்பங்களுக்கும் இடையே வரும் உரசல். தாத்தா காலத்து மெட்டையே பழைய குடும்பத்தார் பாடுவார்கள். கார்கிவிலிருந்து வந்தவருக்கு அது அந்நியமாக இருக்கும். 2023 செப்டம்பரில் உக்ரைனின் பெரிய திருச்சபைகளில் இரண்டு நாட்காட்டியை மாற்றி, கிறிஸ்துமஸை டிசம்பர் 25க்குக் கொண்டுவந்த பிறகு, எந்த நாளில் எதைப் பாடுவது என்பதிலும் இழுபறி. யார் பாடுவது சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலையைக் குழு நடத்துபவர் ஏற்கக் கூடாது. ஒரு மெட்டை இந்த வாரமும் மற்றொன்றை அடுத்த வாரமும் பாடலாம். இரண்டையும் ஊர்ப்பெயரோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.