கடலடிச் சேற்றில் ஆய்வைத் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

எண்ணூர் முகத்துவாரத்துக்கு வெளியே 12 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேறு அது. முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் கடலுக்குப் போன இரண்டாவது பயணம். சலித்தெடுத்த மாதிரிகளை 14 பாட்டில்களில் அடைத்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கர் பேனாவால் இடத்தையும் தேதியையும் எழுதி வைத்தேன். மூன்று வாரம் கழித்து அலமாரியைத் திறந்தபோது, மூடி தளர்ந்த ஒரு பாட்டிலிலிருந்து, உயிர்கள் அழுகாமலிருக்க ஊற்றிய எத்தனால் கசிந்து ஒன்பது பாட்டில்களின் எழுத்தை அழித்திருந்தது. உள்ளே புழுக்கள் பத்திரமாக இருந்தன. எந்த இடத்துப் புழுக்கள் என்பதுதான் தெரியவில்லை. ஒரு பருவத்தின் உழைப்பு அதோடு போயிற்று.

அன்றிலிருந்து, கெட்டியான ட்ரேசிங் தாளில் பென்சிலால் எழுதி அதைப் பாட்டிலுக்கு உள்ளேயே போட்டுவிடுகிறேன். பென்சில் கரி எத்தனாலிலும் கரையாது, இன்னொரு பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினிலும் கரையாது. என்னிடம் ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு முதல் நாள் பாடம் இதுதான். கடலடித்தள உயிரிகளைப் படிக்கும் துறையில் பெரிய தவறுகள் படகிலும் சல்லடையிலும் நடந்துவிடுகின்றன. அவற்றைப் பிறகு எந்தப் புள்ளியியல் மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது.

கடலடிச் சேற்றைத் தாடைகளால் கவ்வி அள்ளும் கிராப் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலந்து நாட்டுப் பொறியாளர் வான் வீன் 1930களில் வடிவமைத்த அதே கருவியைத்தான் இன்றும் கயிற்றில் கட்டி இறக்குகிறோம். மேலே வரும்போது அதன் தாடைகளுக்கிடையே ஒரு சிப்பி ஓடு சிக்கியிருந்தால் வாய் முழுதாக மூடியிருக்காது. நுண்ணிய சேறும் அதிலுள்ள உயிர்களும் வழியிலேயே கழுவிப் போயிருக்கும். அந்த அள்ளலைக் கடலில் கொட்டிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். படகில் வாந்தியோடு நிற்கும் மாணவருக்கு அது கொடுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் கொட்டத்தான் வேண்டும். பாதி மாதிரியை முழு மாதிரியாக எழுதிக்கொள்வது பொய்க் கணக்கு.

சலிப்பதிலும் இதே அவசரம். 0.5 மி.மீ. சல்லடையில் தங்குபவற்றைப் பேருயிரிகள் என்று கணக்கிடுகிறோம். 1 மி.மீ. சல்லடையில் சலித்த பழைய ஆய்வோடு அந்த எண்ணிக்கையை ஒப்பிட்டு, 'உயிர்கள் பெருகிவிட்டன' என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெருகியது சல்லடையில் தங்கிய சின்ன உயிர்கள் மட்டுமே. வேகமாகத் தண்ணீர் பாய்ச்சினால் பாலிகீட் எனப்படும் வளைய உடல் கடற்புழுக்கள் துண்டுதுண்டாகிவிடும்; எனவே தலைகளை மட்டுமே எண்ண வேண்டும். ஃபார்மலினில் போராக்ஸ் சேர்க்காமல் விட்டால் அமிலம் சிறு சிப்பிகளின் ஓட்டைக் கரைத்துவிடும். மரபணு ஆய்வுக்கும் அதே மாதிரி வேண்டுமென்றால் ஒரு பகுதியைத் தனியே எத்தனாலில் வைக்க வேண்டும், ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். இவையெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஆனால் மாலை நாலு மணிக்குப் படகு கரை திரும்பும் நேரத்தில் இவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

அடுத்தது பெயர். என் கணிப்பில் இந்தத் துறையை மிகவும் கெடுப்பது இதில் செய்யும் தவறுதான்.

கேப்பிடெல்லா கேப்பிடேட்டா என்ற புழுவை எடுத்துக்கொள்வோம். சாக்கடை கலக்கும் சேற்றில் மண்டிக் கிடக்கும் சிறு சிவப்புப் புழு. மாசுக்கு அடையாளம் என்று உலகெங்கும் பாடம் நடத்துகிறோம். கூவம் முகத்துவாரத்திலோ எண்ணூர் கழிமுகத்திலோ இதன் சாயலில் ஒரு புழு கிடைத்தவுடன் மாணவர்கள் அந்தப் பெயரை எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயர் 1780-ல் கிரீன்லாந்துப் புழு ஒன்றுக்கு வைக்கப்பட்டது. 1976-ல் கிராஸல் தம்பதியர் அமெரிக்கக் கடற்கரைப் புழுக்களின் நொதிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒரே இனம் என்று நம்பப்பட்டதற்குள் ஆறு இனங்கள் இருப்பது தெரியவந்தது. அவற்றின் இனப்பெருக்க முறையும் குஞ்சு வளரும் விதமும் வெவ்வேறாக இருந்தன. உறைகடலை ஒட்டிய புழுவின் பெயரை வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்பான சேற்றுப் புழுவுக்கு ஒட்டிவிட்டால், அதன் வாழ்க்கை வரலாற்றையும் சேர்த்தே கடன் வாங்கிவிடுகிறோம். உறுதியில்லாத இடத்தில் 'கேப்பிடெல்லா இனம் 1' என்று எழுதி, அந்த உயிரைப் பாட்டிலில் காத்து வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்தியக் கடல்களின் பாலிகீட் புழுக்களுக்கு 1953-ல் வெளியான பியர் ஃபோவேலின் நூல்தான் இன்னும் பல ஆய்வுக்கூடங்களில் கைநூல். அருமையான உழைப்பு. ஆனால் அதிலுள்ள பல பெயர்கள் பின்னர் மாறிவிட்டன, பல இனங்கள் பிரிக்கப்பட்டுவிட்டன. அதை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் எழுதுவது பெரிய தவறு. அதைத் திறந்தே பார்க்காமல் முந்தைய ஆய்வேட்டின் பட்டியலைப் படியெடுப்பது அதைவிடப் பெரிய தவறு. சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் கடல் உயிரியல் மண்டல மையம் இருக்கிறது. அனுமதி பெற்று, சேகரிப்பில் உள்ள மாதிரியோடு உங்கள் புழுவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் செலவாகும், ஆனால் பல ஆண்டுக் குழப்பம் தீரும். கடல் அட்டை, பவளம், கடற்குதிரை போன்றவை 1972 வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கிராப்பில் தற்செயலாக வந்தாலும் 'மாதிரிதானே' என்று எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி திட்டமிடுதல். 'எண்ணூர் மாசடைந்தது, கோவளம் தூய்மையானது' என்று வகைக்கு ஓர் இடத்தைத் தேர்ந்து ஒப்பிடுவது சென்னையில் வழக்கமாகிவிட்டது. இரண்டு இடங்களுக்கும் ஆயிரம் வேறுபாடுகள். ஓரிடம் சேறு, மற்றது மணல். ஓரிடத்தில் ஆறு கலக்கிறது, மற்றதன் சூழல் வேறு. புழுக்கள் மாறுவது மாசினாலா, மணலினாலா? துகள் அளவும் கரிமப் பொருளும் பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது. ஒப்பீட்டுக்கு ஒரே இடம் போதாது. குறைந்தது மூன்று இடங்களாவது வேண்டும். ஓரிடத்தில் பத்து முறை அள்ளினாலும் அது பத்து இடம் ஆகாது. 1984-ல் சூழலியலாளர் ஹர்ல்பர்ட் இந்தத் தவறைப் 'போலி மறுபடிகள்' என்ற பொருளில் சுட்டிக்காட்டினார். நாற்பது ஆண்டாகியும் ஆய்வேடுகளில் அது குறையவில்லை.

பருவமும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடல் கொந்தளிக்கும், வாடைக் காற்று அடிக்கும், படகு கிடைக்காது. எனவே அந்த மூன்று மாதமும் அட்டவணையில் காலி. ஆனால் அடையாறும் கூவமும் கொசஸ்தலையாறும் நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டுவது அப்போதுதான். கோடையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. இழுவலை கடலடியை உழாத அந்த நாட்களில் எடுத்த மாதிரியை மார்ச் மாத மாதிரியோடு ஒப்பிட்டால், கோடையின் விளைவையும் வலை ஓய்ந்ததன் விளைவையும் பிரிக்க முடியாது. தடைக்காலம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். படகுக்காரரிடம் கேட்டு, அங்கே இழுவலை வந்த நாட்களையும் எழுதுங்கள். எங்கே சேறு, எங்கே மணல், எங்கே 'பார்' எனும் கடலடிப் பாறை என்பது வரைபடத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இப்படி நடந்தபின் ஓடிப்போய் அள்ளும் சேறு, முன்பு எப்படி இருந்தது என்பதைச் சொல்லாது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் அமைதியாக அள்ளி வைத்த பாட்டில்கள் இருந்தால்தான் ஒப்பிட முடியும். கண்ணைக் கவராத இந்த நெடுநாள் வேலையைத் தவிர்க்கும் இளம் ஆய்வாளர்கள், அடுத்த விபத்தின்போது கையைப் பிசைந்து நிற்பார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நிதி மூன்று ஆண்டுக்குத்தான் வருகிறது. ஆனாலும் சிறிய அளவிலாவது தொடருங்கள்.

கடலடியின் நிலையை ஒரே எண்ணாகச் சொல்லும் குறியீடுகளைப் பற்றியும் ஒரு சொல். 2000-ல் ஐரோப்பியக் கழிமுகங்களுக்கும் கரையோரக் கடல்களுக்கும் உருவான 'ஆம்பி' குறியீடு, மாசைத் தாங்கும் திறனை வைத்து இனங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. நம் கடலின் பல இனங்களை அதன் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது. மென்பொருள் தரும் எண்ணை அப்படியே எடுத்து, 'இந்த இடம் நல்ல நிலையில் உள்ளது' என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

வேலை சார்ந்த தவறுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வை ஆய்வு முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாதீர்கள். கடல் உயிரியல் மாணவர்கள் பெரும்பாலும் எழுதுவது உயிர் அறிவியல் தாள். அதில் உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும் நிறைய வரும், நம் துறைக்கு இடம் குறைவு. ஆண்டுகள் கழிந்தபின் அதை மறுபடி படிப்பது கடினம். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சாகும் இதழ்களை நம்பாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிகள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற நிபந்தனையையே நீக்கிவிட்டன.

கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறும் ஒன்று உண்டு: கரைக்கே போகாமல் பாட்டிலை மட்டும் காட்டிப் பாடம் நடத்துவது. பெசன்ட் நகரில் அலை வழியும் ஈர மணலில் கையை விட்டால் எமெரிட்டா நண்டு விரலிடுக்கில் நழுவி ஓடும். பல தலைமுறை ஆய்வாளர்கள் படித்த உயிர் அது. அதைக் கையால் தொட்ட மாணவர்கள் சல்லடையை வேறு விதமாகப் பிடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

போன பருவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ரோஸ் பெங்கால் சாயமேற்றிய மாதிரியைப் பிரித்து 41 புழுக்கள் என்று எழுதிக் கொடுத்தாள். தலைகளை எண்ணினாயா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் மாலை நுண்ணோக்கியிலிருந்து எழுந்து, "17தான் மேடம்" என்றாள். குறிப்பேட்டில் 41-ஐ அழிக்காமல் அதன் மேல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் பென்சிலால் தேதியோடு 17 என்று எழுதியிருந்தாள்.