“எல்லாம் ஃப்ரீதாங்க” என்பவரிடம் மருத்துவச் செலவைக் கேட்பது எப்படி

தருமபுரி மாவட்ட மலையோரக் கிராமங்களில் கணக்கெடுப்புக்குப் போன முதல் வருஷம், “ஆஸ்பத்திரியில செலவு ஆச்சாம்மா?” என்று கேட்டேன். “இல்லீங்க, எல்லாம் ஃப்ரீதாங்க” என்றார்கள். பூஜ்யம் போட்டுக்கொண்டு வந்தேன். மறுமுறை போனபோது அதே வீட்டில் ஒரு அம்மா வரிசையாகச் சொன்னார்: பஸ்சுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு, துணைக்கு வந்த மகனுக்குப் போன கூலி, வெளியில் எடுத்த ஸ்கேன். நான்கு நாள் கூலி கரைந்திருந்தது. அன்றிலிருந்து “செலவு” என்ற சொல்லையே முதலில் எடுப்பதில்லை. “காலையில கிளம்பினதுல இருந்து சொல்லுங்க” என்றுதான் தொடங்குவேன். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கேட்காதீர்கள். அங்கே வர முடிந்தவர்கள்தான் கிடைப்பார்கள். ஒரு துணை சுகாதார நிலையத்தின் எல்லையை எடுத்துக்கொண்டால் போதும். சமவெளியில் சுமார் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மிகத் தள்ளியிருக்கும் வீட்டில் ஆரம்பியுங்கள். கூலிக்குப் போனவர்கள் திரும்பும் பொழுது சாய்ந்த நேரமே சரி.

2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் படுக்கையில் சேர்ந்த சிகிச்சைக்குக் கடந்த 365 நாளையும், மற்ற நோய்க்குக் கடந்த 15 நாளையும் பற்றிக் கேட்டார்கள். அதே கணக்கை வைத்தால் உங்கள் எண்ணை மாநில எண்ணோடு ஒப்பிடலாம். ஆனால் நாள் கணக்குச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் பிடிபடாது. பௌர்ணமியை ஒட்டிப் போய் “அமாவாசைக்கு அப்புறம் யாருக்காச்சும் முடியாமப் போச்சா?” என்று கேளுங்கள். பதினைந்து நாள் வந்துவிடும்.

பிறகு மாத்திரை வைத்திருக்கும் பையைக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கித் தரும் மாத்திரை அட்டையில் ‘விற்பனைக்கு அல்ல’ என்றிருக்கும். பக்கத்திலேயே மெடிக்கல் கடை அட்டையும் இருந்தால், ஏன் வாங்கினார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள். மாத்திரை தீர்ந்துவிட்டதா, ஆஸ்பத்திரிக்குப் போன நேரத்தில் டாக்டர் இல்லையா, நம்பிக்கை வரவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு. இருப்பையும் காலிப் பணியிடத்தையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நம்பிக்கையை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள முடியும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவருபவர்கள் வரும் நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் குறியுங்கள். காட்டு வேலைக்குப் போனவர் விட்டுப்போயிருப்பார்.

இனி, பலரும் தவறவிடும் கேள்வி: “முடியாம இருந்தும் போகாம விட்டீங்களா?” அப்படிப் போகாமல் விட்டவர்களுக்கும் செலவு பூஜ்யம்தான். குணமானவரின் பூஜ்யத்தோடு அதைச் சேர்த்தால் பரம ஏழைக்குத்தான் செலவே இல்லை என்று கணக்கு காட்டும். தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஊருக்கே ஒரு சராசரி போடாமல் தெருவாரியாக, எத்தனை நாள் கூலி என்று கணக்கிடுங்கள்.

எழுதியதைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோனது ஒரே கோரிக்கை: சுகர் பரிசோதனையை முதல் பஸ் வந்து சேர்ந்த பிறகு தொடங்க வேண்டும்.