வீசிங் பம்பைப் (இன்ஹேலரை) பிள்ளையின் கையில் கொடுத்துப் பழக்குவது எப்படி?

மகளுக்கு மூன்று வயதிலிருந்து வீசிங். ஒன்பது வயது வரை குலுக்கியது, அழுத்தியது, எண்ணியது எல்லாம் நான்தான். போன மார்கழியில் டியூஷனில் இளைப்பு வந்திருக்கிறது. பம்ப் பையிலேயே இருந்தும் "அம்மா வரட்டும்" என்று இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் உறைத்தது. எத்தனை பஃப் (அழுத்து), எப்போது என்பது உங்கள் டாக்டர் சீட்டில் இருக்கும். அதற்குள் நான் போகவில்லை.

1. எது எதற்கு: இளைக்கும்போது எடுப்பது சால்புட்டமால். தினமும் எடுப்பது புடசனைடு மாதிரியான ஸ்டீராய்டு. நிறத்தை வைத்துச் சொல்லித்தராதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நாங்கள் 'அவசரம்', 'தினமும்' என்று ஸ்டிக்கர் ஒட்டினோம்.

2. கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள், பிள்ளையே செய்யட்டும்: குலுக்கி, ஸ்பேசரில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் பிளாஸ்டிக் குழாய்) மாட்டி, உதட்டை இறுக்கமாக மூடி, ஒரே ஒரு அழுத்து, நிதானமாக ஐந்தாறு மூச்சு. அடுத்த பஃப் அரை நிமிடம் கழித்து, மறுபடி குலுக்கி. ஸ்டீராய்டு என்றால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

ஸ்பேசரை சோப்புத் தண்ணீரில் அலசுங்கள், துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். நான் மாதக்கணக்கில் பளபளவென்று துடைத்து வைத்தவள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மகளிடம் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுத்துக் காட்டினேன். இப்போது துண்டோடு நான் பக்கத்தில் போனாலே அதட்டுகிறாள்.

3. கணக்கு அவள் பொறுப்பு: எங்கள் பம்பில் 200 பஃப். மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே இருக்கும் வாயு 'புஸ்' என்று வரும், ஏமாந்துவிடுவோம். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் நம்பத்தக்கதல்ல. நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போடுகிறாள். எண் காட்டும் பம்ப் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

4. வாய் திறந்து கேட்பது: எங்களைப் பாடாய்ப்படுத்தியது இதுதான். "எல்லாரும் பார்ப்பாங்கம்மா." வீட்டில் நான் டீச்சராக நடித்தேன். முதல் நாள் கேட்டதும் "சரி, எடுத்துக்கோ" என்றேன். அது பயிற்சியே இல்லை. மறுநாள் "கிளாஸ் முடியட்டும்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு வாரம் கழித்துத்தான் வந்தது: "இல்ல மிஸ், இப்பவே எடுக்கணும்." வகுப்பாசிரியரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இதையும் சொல்லிக்கொடுங்கள்: ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாவிட்டால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாரித்தால், பம்ப் எடுத்தும் அடங்காவிட்டால் உடனே பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். 108தான், காத்திருக்கக் கூடாது.

நெபுலைசர் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் மெஷின்) வாங்கலாமா என்று கேட்பீர்கள். லேசான இளைப்புக்கு ஸ்பேசரோடு பம்ப் எடுத்தாலே அதே பலன். அது ஸ்கூல் பைக்குள்ளும் போகும்.

பிற்சேர்க்கை: ஒரு வாசகி, மகன் கேப்ஸ்யூல் போட்டு இழுக்கும் ரோட்டாஹேலரில் 'நிதானமாக' இழுத்துப் பார்த்ததாக எழுதியிருந்தார். ரோட்டாஹேலரில் முறை நேர் எதிர்: ஸ்பேசர் கிடையாது, வேகமாக, ஆழமாக ஒரே இழுப்பு. அதற்குள் ஊதிவிடவும் கூடாது, பொடி ஈரமாகிவிடும்.