பழைய வாட்ச் வாங்குமுன் டயலைப் பாருங்கள்
கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் பழைய வீட்டுப் பெட்டியிலிருந்து வாட்ச் ஒன்று விலைக்கு வந்தால், முதலில் டயலைப் பாருங்கள். உப்புக்காற்றில் கேஸ் (வாட்சின் வெளிக்கூடு) அரித்துப்போயிருக்க, டயல் மட்டும் நேற்று அச்சடித்தது போல் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான். பூதக்கண்ணாடி வைத்து எழுத்துகளைப் பாருங்கள். அசல் அச்சு கூர்மையாக இருக்கும். மறுபடி பெயின்ட் அடித்ததில் எழுத்தின் ஓரம் பெரும்பாலும் கசிந்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக் குறிகளோடு சேராது.

அப்புறம், 6 மணிக்குக் கீழே 'டி ஸ்விஸ் டி' (T SWISS T) என்றிருந்தால் அது டிரிட்டியம் பூச்சு, அதாவது இருட்டில் ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டுதான். 1970களின் வாட்ச் இன்றும் இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதிது.

லேசாக மஞ்சளித்த, புள்ளி விழுந்த டயலென்று ஒதுக்கிவிடாதீர்கள். அது அசலாக இருக்கலாம்; நான் அதைத்தான் வாங்குவேன்.