வேதிப்பெயர்களை ஆங்கிலத்தில் அசை பிரித்து உச்சரிப்பது எப்படி?

தண்ணீரின் கடினத்தன்மையைக் கணக்கிட ஆய்வகத்தில் பயன்படும் ஈ.டி.டி.ஏ.வின் முழுப்பெயர் எத்திலீன்டைஅமீன்டெட்ராஅசிட்டிக் ஆசிட். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினால் பாதியிலேயே மூச்சு முட்டும். முதலில் பொருள் பிரியும் இடங்களில் வெட்டுங்கள்: எத்திலீன் / டைஅமீன் / டெட்ரா / அசிட்டிக் / ஆசிட். அதன் பிறகே அசை: எ-த்தி-லீன், டை-அ-மீன், டெட்-ரா, அ-சீ-டிக், ஆ-சிட். மொத்தம் 13.

யாப்பிலக்கண அசையோடு இதைக் குழப்ப வேண்டாம். 'மலர்' யாப்பில் ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் ம-லர் என இரண்டு. ஓர் உயிரொலிக்கு ஓர் அசை, அவ்வளவுதான்.

வெட்டு தவறினால் பொருளே மாறலாம். அன்-அயனைஸ்ட் என்றால் அயனியாகாதது. யூனியன்-ஐஸ்ட் என்றால் சங்கம் அமைத்தது. இரண்டுக்கும் எழுத்துகள் ஒன்றே!

பயிற்சியை வாலிலிருந்து தொடங்குங்கள். ஆசிட், அசிட்டிக் ஆசிட், டெட்ராஅசிட்டிக் ஆசிட் என்று முன்பக்கம் ஒவ்வொரு துண்டாகச் சேர்த்தால், தெரிந்த இடத்தை நோக்கியே நாக்கு ஓடும், நடுவில் திக்காது.

அடுத்தது அழுத்தம். 'இக்' என முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் விழும்: பென்-ஸோ-இக்கில் 'ஸோ', அ-சீ-டிக்கில் 'சீ'. அதே வேர் 'ஏட்' என முடிந்து மூன்று அசையாவது இருந்தால், கடைசியிலிருந்து மூன்றாவதற்குத் தாவும்: ஆ-சி-டேட்டில் 'ஆ'.

நம்மவர்கள் அதிகம் வழுக்கும் இடம் சல்பைடும் சல்பைட்டும். முன்னதில் ஆக்சிஜன் இல்லை, பின்னதில் மூன்று அணுக்கள் உண்டு. தமிழில் 'டு', 'ட்டு' என்று தெளிவாகப் பிரியும். ஆங்கிலத்தில் கடைசி உகரம் கிடையாது. அதைச் சேர்த்தால் ஓர் அசை கூடிவிடும், சும்மா விட்டால் இரண்டும் 'ட்' என்றே கேட்கும். எனவே சல்பைடில் 'ஐ'யைச் சற்று நீட்டி மெல்லிய 'ட'கரத்தில் முடியுங்கள். சல்பைட்டில் 'ஐ'யைச் சுருக்கி வெட்டென நிறுத்துங்கள். நைட்ரைடு, நைட்ரைட்டுக்கும் இதே முறைதான்.

புரோப்பேன், புரோப்பீன், புரோப்பைன் வால்களில் பிரச்சினையே இல்லை. நம் பாடநூல் ஒலியே ஆங்கிலத்துக்கும் பொருந்தும்.

வகுப்பில் கேட்கும் 'பினாப்தலீன்' ஒரு 'ல்'லை விழுங்கிவிட்ட பெயர். ஃபீனால் / தலீன் என்று வெட்டினால் அது திரும்பி வரும்: ஃபீ-நால்-தா-லீன். 'தா'வுக்கு முன் எழுத்தில் 'ஃப்' இருந்தாலும் பலர் அதை ஒலிப்பதில்லை.